பறக்காத நாளின் சம்பளம்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்திக்கு ஜெட் விமானம் வாங்கும் ஆசை 2006ஆம் வருடம் ஆடி மாதத்தில் வந்தது. ஆசைப்பட ஆடி தடையில்லை, அட்வான்ஸ் கொடுக்கத்தான் தடை. அதனால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் அட்வான்ஸ் என்று ஜோசியரிடம் நாள் குறித்து வாங்கிக்கொண்டு, எந்த விமானம் என்ற கேள்வியை, அடக்கவிலைக் கணக்குப் போடும் காஸ்டிங் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். காஸ்டிங் பிரிவு என்றால் சித்ரகலா. வேறு யாரும் அங்கே இல்லை.

பங்குனியிலேயே காஸ்டிங் மேனேஜர் அதிகச் சம்பளத்துக்குப் பங்களாதேஷ் போய்விட்டார். நாற்காலி காலி, வேலை மட்டும் சித்ரகலா தலையில். மடத்துக்குளத்தில் இருந்து கல்யாணமாகி வந்தவள். செக்கிங் டேபிளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே அஞ்சல் வழியில் பி.காம். முடித்து ஆபீசுக்குள் வந்தவள். ஒரு பனியனை அவள் கையில் கொடுத்தால் நூல், நிட்டிங், டையிங், தையல் கூலி, அட்டைப்பெட்டி வரை பைசா சுத்தமாகச் சொல்வாள். பக்கத்து மேசையில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த நான் எத்தனையோ தடவை அவள் கணக்கில் குளிர் காய்ந்திருக்கிறேன்.

"இதைச் சரியாப் பண்ணிக் குடு அம்மிணி. ஆவணியில இருந்து அந்தச் சேர்ல நீயே உக்காந்துக்க" என்று முதலாளி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அவர் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு அந்தச் சேர் வேணுமுங்ணா. வேண்டாம்னு நடிக்க எனக்குத் தெரியாது."

இரண்டு விமானங்கள் போட்டியில் இருந்தன. ஒன்று ஆறு இருக்கை. மணிக்கு நானூறு லிட்டர் எண்ணெய் குடிக்கும், ஒரே பைலட் ஓட்டலாம். மற்றது எட்டு இருக்கை. எண்ணெய் அறுநூற்றைம்பது, பைலட் இரண்டு பேர் கட்டாயம். டெல்லி விற்பனையாளர் கொடுத்த பளபளப்பான புத்தகத்தில் வருடத்துக்கு நானூறு மணி நேரம் பறப்பதாகப் போட்டிருந்தது. சித்ரகலா அதை நம்பவில்லை. முதலாளியின் போன வருடத்து டிக்கெட் அடிக்கட்டையெல்லாம் தேடி எடுத்துக் கூட்டினாள். நூற்றிருபது மணிக்கு மேல் தேறவில்லை.

பிறகு பனியனுக்குப் போடும் அதே கணக்குச் சீட்டில் விமானத்தைப் போட்டாள். நூலுக்குப் பதில் எண்ணெய், டையிங்குக்குப் பதில் எஞ்சின் பராமரிப்பு, பீளமேடு விமான நிலையத்தில் நிறுத்த வாடகை, இன்சூரன்ஸ். தையல் கூலி இருந்த வரியில் பைலட். அவசரத்துக்கு ஒரு பைலட்டைக் கூப்பிட்டால் என்ன கேட்பார் என்று விசாரித்து, மணிக்கு மூவாயிரம் என்று எழுதினாள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. திருப்பூரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

சீட்டைப் பார்த்து முதலாளி குளிர்ந்துபோனார். ஆறு இருக்கை, ஒரே பைலட், அதுதான் என்று தீர்மானம் ஆனது. அன்றைக்கே பத்துப் பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நாங்கள் சித்ரகலாவை மேடம் என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்தோம். அவள் சிரித்தாள், உள்ளுக்குள் ரசித்தாள்.

முகூர்த்தம் சனிக்கிழமை. வியாழக்கிழமை கோவையில் இருந்து கேப்டன் செல்வக்குமார் வந்தார். விமானத்தை ஓட்டப்போகிறவர் என்று பேச்சு. முதலாளி வர நேரமானதால் எங்கள் மேசைப் பக்கம் உட்கார்ந்து காபி குடித்தார். சித்ரகலா தன் சீட்டைப் பெருமையோடு நீட்டினாள். அவர் படித்துக்கொண்டே வந்து பைலட் வரியில் நின்றார், சிரித்தார்.

"மணிக்கு மூவாயிரமுங்களா? சரிங்க. உங்க முதலாளி மாசத்துல பத்து மணி நேரம் பறப்பாரு. மீதி நாளெல்லாம் நான் என்ன சாப்பிடறதுங்க?"

"பறக்காத நாள்ல நீங்க வேற வேலை பார்த்துக்குவீங்கல்ல சார்?"

"அப்படிப் பார்க்க முடியாதுங்க. அவரு எப்பக் கூப்பிட்டாலும் நான் ரெடியா இருக்கோணும். அதுக்குத்தான் மாசச் சம்பளம். வருசா வருசம் வெளிநாட்டுல ட்ரெயினிங் வேற, அதுவும் கம்பெனி செலவு. அப்புறம் இன்னொண்ணு. காலைல ஆறு மணிக்கு டெல்லிக்குக் கூட்டிட்டுப் போறேன். அவரு சாயங்காலம் வரைக்கும் சரக்கு வாங்கற பையரைப் பாக்கறாரு. ராத்திரி பத்து மணிக்குத் திருப்பிக் கூட்டிட்டு வரச் சொன்னா, ஒத்தை ஆளா வர மாட்டனுங்க. என் டியூட்டி நேரம் முடிஞ்சிருக்கும்."

"பகலெல்லாம் சும்மாதானுங்களே உக்காந்திருப்பீங்க?"

"காத்திருக்கறதும் டியூட்டிதானுங்க அம்மா" என்றார் கேப்டன் சாதாரணமாக.

சித்ரகலா முகம் செத்துவிட்டது. கேப்டன் முதலாளி அறைக்குள் போனதுமே கால்குலேட்டரை எடுத்தாள். எப்படிப் பார்த்தாலும் இரண்டு பைலட் வேண்டும். இரண்டு பேர் சம்பளமும் பயிற்சியும் வருடத்துக்கு எண்பது லட்சம். நூற்றிருபதால் வகுத்தால் மணிக்கு அறுபத்தாறாயிரத்துச் சொச்சம். அவள் எழுதியிருந்தது மூவாயிரம்.

"யாருக்குத் தெரியப்போகுது? வாங்கினப்புறம் முதலாளியே தெரிஞ்சுக்குவாரு. சேர்ல உக்காந்துட்டு மெதுவாச் சொல்லிக்க" என்றேன் நான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"எண்ணூறு பேரு வேலை செய்யற கம்பெனிங்ணா. என் சீட்டைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடறாரு. தப்புன்னு தெரிஞ்சுட்டு அந்தச் சேர்ல எப்படி உக்காருவேன்?"

வெள்ளிக்கிழமை முழுக்க முதலாளியைப் பார்க்க முயன்றாள். அவர் ஊரெல்லாம் இனிப்புக் கொடுக்கப் போயிருந்தார். சனிக்கிழமை காலை, சாமி படத்துக்கு முன்னால் செக்கை வைத்துக் குங்குமம் தொட்டுவிட்டு, விற்பனையாளர் எதிரில் முதலாளி பேனாவைத் திறந்த நேரத்தில், சித்ரகலா உள்ளே போய்ப் புதுச் சீட்டை மேசைமேல் வைத்தாள். வரிகளை விளக்கச் சொல்வார்கள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

முதலாளி படித்தார். முகம் சிவந்தது.

"போன வாரம் ஒரு கணக்கு, இந்த வாரம் ஒரு கணக்கா அம்மிணி?"

"போன வாரம் நான் தப்புப் பண்ணீட்டனுங்க."

"பைசாவுக்குக் கணக்கு சொல்றவ நீ. எண்பது லட்சத்தை எப்படி விட்ட?"

சித்ரகலா குரலில் பணிவு குறையவில்லை, பயமும் இல்லை.

"எங்கூட்டுக்காரரு முகிலன் பதினோரு வருசமா நம்ம பவர் டேபிள்லதான் தைக்கறாருங்க. டையிங்ல இருந்து துணி வராம நாலு நாள், அஞ்சு நாள் மிசின் முன்னாடி உக்காந்திருப்பாரு. பீஸ் தைச்சாத்தான் கூலி. உக்காந்த நாளைக்கு யாரும் ஒண்ணும் குடுத்ததில்லீங்க, நானும் கேட்டதில்லீங்க. அதனால, காத்திருக்கறதுக்கும் சம்பளம் உண்டுன்னு எனக்குத் தோணவே இல்லீங்க."

முதலாளி பேனாவை மூடினார். விற்பனையாளரிடம், அவசரம் வந்தால் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சித்ரகலாவை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சொன்ன ஊரெல்லாம் சிரிக்குமே என்ற கோபம் அவருக்கு. அடுத்த வாரம் அந்த நாற்காலியில் சென்னையில் இருந்து வந்த ஓர் ஆள் உட்கார்ந்தார். சித்ரகலா அன்று மதியம் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்தாள், பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள், பிறகு ஜெர்மனி ஆர்டருக்குச் சீட்டுப் போட உட்கார்ந்தாள்.

அந்தச் சீட்டில் தையல் கூலிக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. 'தையல்காரர் காத்திருப்பு, பீசுக்கு நாற்பது பைசா.' சென்னை ஆள் அதைப் பார்த்து மிரண்டு, எனக்கு வம்பு வேண்டாம் என்று முதலாளிக்கே அனுப்பிவிட்டார். சாயங்காலம் எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது.

"இது என்ன?"

"துணி வராத நாளைக்கு டெய்லருக்குப் பாதிக் கூலி குடுக்கறதுக்குங்க."

"சேர் போச்சேன்னு கோவமா?"

"கோவம் இருக்குதுங்க. ஆனா அதுக்காக எழுதலீங்க. போன தடவை பண்ணுன தப்பை இந்தத் தடவையும் பண்ண முடியாதுங்க."

"பையர் ஒத்துக்க மாட்டான்."

"நூல் விலை ஏறுனா ஒத்துக்கறானுங்களே. வேண்டாம்னா நீங்க அடிச்சுடுங்க. நான் அடிக்க மாட்டனுங்க."

முதலாளி சிவப்புப் பேனாவை எடுத்தார். சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். நாற்பதை மட்டும் அடித்தார். பக்கத்தில் இருபது என்று எழுதினார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. வேண்டாத சரக்குக்கு எங்கள் முதலாளி விலை பேச மாட்டார். சித்ரகலாவின் முழங்கையைத் தொட்டு, போகலாம் என்று ஜாடை காட்டினேன். அவள் நகரவில்லை. சீட்டை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"முப்பது போடுங்க" என்றாள்.