மூக்கில் வைத்த கனம்

எங்கள் குடும்பத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை முதலில் படித்தவன் நான்தான். அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தேன். ரிமோட்டில் பறக்கும் ஒரு பொம்மை ஜெட் விமானத்தை எப்படிச் சேர்த்துப் பூட்டுவது என்று சொல்லும் புத்தகம் அது. பொம்மை என்றதும் கையளவாக நினைத்துவிடக் கூடாது. பூட்டி முடித்தபோது அதன் மூக்கு கட்டிலின் தலைமாட்டிலும் வால் கால்மாட்டிலும் இருந்தது.

அதை வாங்கியவன் பெரியப்பாவின் ஒரே மகன். வளைகுடாவில் ஏசி பொருத்தும் வேலை. லீவுக்கு வரும்போது ஊரில் பறக்கவிடுவதற்கென்று வாங்கி வைத்திருந்தான். கம்பெனி வண்டி கவிழ்ந்ததில் அண்ணன் லீவுக்கு முன்பே வந்துவிட்டான். அவனுடைய சாமான்கள் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியில் வந்தன. சட்டைகளுக்கும் ஒரு குப்பி அத்தருக்கும் அடியில் விமானம் துண்டு துண்டாகக் கிடந்தது.

உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே திரும்பும் வழியில் பெரியப்பா வீடு. அண்ணனைத் தோட்டத்தின் தென்பக்கத்தில் எரித்தார்கள். பொறுக்கிய எலும்புகளைப் புது மண்குடத்தில் போட்டு, பிலாமரத்தின் அடிமூட்டில் வைத்து ஓட்டால் மூடினார்கள். கடலில் கொண்டு கலக்கும்வரை அங்கே தினமும் அந்திக்கு விளக்கு வைக்க வேண்டும். பதினாறு முடிந்தது, மழைக்காலமும் முடிந்தது, அண்ணனைப் பெற்ற பெரியம்மை குடத்தைத் தொடவிடவில்லை.

“அவன் இவ்வளவு காலமும் கடலுக்கு அக்கரையிலதானே கெடந்தான். இனி வீட்டுல கெடக்கட்டு” என்றார்.

பெரியப்பா எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் என் அப்பாவிடம் வந்து, குடம் மண்ணில் இருக்கும்வரை பய்யனுக்குப் போக வழி இல்லையே என்று சொல்லி அழுதார். பெரிய ஆள் ஒருவர் மூக்கைச் சிந்தி அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் ஆரியங்கோட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். காலையோடு வேலை தீர்ந்துவிடும். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு அட்டைப்பெட்டியைத் திறந்தார்.

“மக்கா, நீ இங்கிலீசு படிக்கிய பய்யனாக்கும். நீ வாசிச்சு சொல்லு, நான் பூட்டுதேன்.”

வாசித்ததில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியைப் படத்தைப் பார்த்துச் சொன்னேன். பெரியப்பா எதையும் சந்தேகப்படவில்லை. அச்சில் வந்தது பொய் சொல்லாது என்றும், அதை வாசிக்கிறவனும் சொல்லமாட்டான் என்றும் நம்புகிறவர். உடலின் இரண்டு பாதிகளையும் பசை தடவிச் சேர்த்தோம். இறக்கைகளின் ஊடே கறுப்புக் குழாயைச் செருகினோம். இறக்கையிலும் வாலிலும் உள்ள தகடுகளை அசைக்கும் சின்ன மோட்டார்களைப் பொருத்தினோம். எல்லாம் அண்ணனுடைய கட்டிலின் மேல்தான். தரையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்றன்றைய வேலை முடிந்ததும் ஒரு வெள்ளை வேட்டியால் அதைப் போர்த்துவார். போர்த்திய பிறகு அந்த அறைக்குள் தனியாகப் போக எனக்குப் பயம். வேட்டிக்கு அடியில் கிடந்த நீளம் அண்ணனுடைய நீளமாகவே இருந்தது.

அண்ணனுக்கு நெய்யாற்றின்கரையில் கூடப் படித்த ஒரு கூட்டுக்காரன் உண்டு. விமானம் பறக்கவிடப் பழகியவன். பேட்டரிகளை அவன்தான் கொண்டுவந்தான். ரிமோட்டை விமானத்தோடு இணைத்துக் கொடுத்துவிட்டு, விரல் போய்விடக் கூடாதென்று உள்ளே இருக்கும் காற்றாடியின் வயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போனான்.

அன்று அந்தியில் நான் பேட்டரியைச் செருகினேன். இறக்கைத் தகடுகளும் வாலும் ஒரே நேரத்தில் துடித்து நேராயின. உறங்குகிறவன் யாரோ கூப்பிட்டு உடம்பை உதறுவதுபோல இருந்தது. பிலாமரத்தடியில் விளக்கு வைத்துவிட்டு வந்த பெரியம்மை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார். அண்ணன் போனபிறகு அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. அன்று வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

கட்டில் தாழ்ந்தது. அவர் பக்கத்து இறக்கையின் தகடு மெல்ல அசைந்து, பிறகு பழையபடி படிந்தது. ரிமோட் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

“அவன் அறியுதான்” என்றார் பெரியம்மை.

நான் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். உள்ளே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, விமானம் சரிந்தால் அது அறிந்துகொண்டு நேராக்கும் என்று விளக்கினேன்.

“அதெல்லாம் சரிதான் மக்கா. நான் வந்து இருந்தது அதுக்கு எப்பிடி தெரிஞ்சுது?”

பதில் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். அது அறிந்துகொள்ளும் என்றுதான் புத்தகத்திலும் இருந்தது.

பிறகு தினமும் அந்திக்கு, விளக்கு வைத்த கையோடு வந்து, பேட்டரியைச் செருகச் சொல்வார். இறக்கையின் நுனியை உள்ளங்கையால் மெல்ல அழுத்துவார். தகடு அசையும். அன்றைய விசேஷங்களைச் சொல்வார். என்ன கறி வைத்தேன், யாருக்குச் சட்டை தைத்தேன், எந்த வீட்டில் கல்யாணம். சின்ன மோட்டார்கள் கொசுபோல முனகும். சில நாள் அவர் கையை எடுத்துக்கொண்ட பிறகும் வால் மட்டும் ஒருமுறை அசையும். ரோட்டில் போன லாரியின் அதிர்வாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். லாரி போன சத்தம் கேட்டதாக ஞாபகம் இல்லை.

பெரியப்பா வாசல்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். ஒருநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “இப்பிடியே போனா அவ இவனை விடவே மாட்டா” என்றார். விமானத்தைப் பறக்கவிடாமல் போய்விடுவாரோ என்றுதான் எனக்குக் கவலை வந்தது.

பூட்டி முடித்தபின் சமநிறை பார்க்க வேண்டும். இறக்கைகளுக்கு அடியில் குறியிட்ட இடத்தில் விரல்நுனிகளால் தூக்கினால் மூக்கு சற்றுத் தாழ வேண்டும். எங்கள் விமானம் வாலை ஊன்றி உட்கார்ந்தது. அண்ணன் வாலுக்கென்று கனமான மோட்டார்கள் வாங்கி வைத்திருந்தான். மூக்குக்குள் கனம் வைக்க வேண்டும் என்று உரக்க வாசித்தேன். அடுத்த அறையில் பெரியம்மையின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. பிறகு வெகுநேரம் ஓடவில்லை.

மறுநாள் பெரியப்பா ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்தார். சிவப்புத் துணிப்பை, முழுக்கக் கையால் தைத்தது, வாயும் தைத்து மூடியிருந்தது. எறும்பு வரிசைபோல நெருக்கமான தையல். கையில் வாங்கியபோது உள்ளே சரளைக்கல் உரசுவதுபோலக் கேட்டது. என்ன என்று கேட்டேன். “கனமாக்கும்” என்றார். மூக்கின் மூடியைத் திறந்து, அதை உள்ளே வைத்து, பஞ்சு அடைத்து மூடினார். தூக்கிப் பார்த்தோம். விமானம் மூக்கைச் சற்றே தாழ்த்தி விரல்நுனிகளில் அசையாமல் நின்றது.

கடைசியாக ஒரு செட்டிங் பாக்கி இருந்தது. பறக்கும்போது ரிமோட்டின் சிக்னல் போய்விட்டால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வேகக் கம்பை முழுதாகக் கீழே இறக்கி, மோட்டார் நிற்கும்படி வைத்து, அந்த நிலையை நினைவில் வைக்கும் பொத்தானை விரலால் அமர்த்த வேண்டும் என்று வாசித்தேன். பெரியப்பா கம்பை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு அமர்த்தச் சொன்னார். அப்படி வைத்தால் அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்குமே என்றேன்.

“இந்தப் புக்கு எழுதுனவனுக்கு அவன் பிளேனு திரும்பி வரணும் மக்கா. நீ அமர்த்து.”

அமர்த்தினேன். புத்தகத்தில் இருப்பதற்கு எதிராக நாங்கள் செய்தது அது ஒன்றுதான்.

பூவார் பக்கம் கடலை ஒட்டிப் போகும் தார் ரோட்டில், விடிந்த கையோடு விமானத்தை இறக்கினோம். பெரியம்மை வரவில்லை. நாங்கள் அதை ஆட்டோவில் ஏற்றும்போது பிலாமரத்தைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். கூட்டுக்காரன் காற்றாடியின் வயரைச் செருகினான். சீறிக்கொண்டு ஓடிய விமானம் ரோடு தீரும் முன்பே மேலே ஏறியது. ஆறு கடலில் விழும் பொழிக்கு மேலே வட்டமிட்டது. நான் வாசித்துச் சொன்னது பறக்கிறது.

பெரியப்பா கையை நீட்டி ரிமோட்டைக் கேட்டார். கூட்டுக்காரன் தயங்கிக் கொடுத்தான். அவன் சொல்லித்தந்தபடியே மூக்கைக் கடலுக்கு நேரே திருப்பினார். இறக்கைகள் சமமாயின. பிறகு ரிமோட்டை அணைத்துவிட்டார்.

“மாமா, என்ன வேலை இது? ஆன் ஆக்குங்க” என்று கத்தினான் கூட்டுக்காரன்.

பெரியப்பா ரிமோட்டை மார்போடு சேர்த்துக்கொண்டார். இப்போது மோட்டார் நிற்கும், இப்போது நிற்கும் என்று கூட்டுக்காரன் சொல்லிக்கொண்டே இருந்தான். அது நிற்கவில்லை. கடலுக்கு மேல் கொஞ்ச தூரத்தில் இறக்கைகளை இருபக்கமும் ஆட்டியது. கடல்காற்றாக இருக்கலாம். பிறகு நேராகப் போய்ப் புள்ளியாகி, அதுவும் இல்லாமல் ஆனது. கண்ணுக்கு மறைந்தபின்னும் அந்தச் சீறல் எங்களை நோக்கி வருவதுபோலவே கேட்டது.

பெரியப்பா உடுத்த வேட்டியோடு அலைக்குள் இறங்கி, கிழக்கே பார்த்து முங்கினார். விமானத்தை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். நனைந்த கையால் என்னைப் பிடித்து ரோட்டை நோக்கி நடத்தினார்.

“எலே, திரும்பிப் பாக்காத.”

வீட்டு நடையில் பெரியம்மை ஒரு வாளி வெந்நீரோடு நின்றார். குளித்த பிறகுதான் உள்ளே விட்டார். எனக்குத் தலை துவட்டும்போது கேட்டார்:

“போவும்போ ரெக்கைய ஆட்டினானா?”

ஆட்டியது என்றேன்.

அந்தியாகியும் பெரியம்மை விளக்கு வைக்கக் கிளம்பாததால் நானே விளக்கும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு பிலாமரத்தடிக்குப் போனேன். ஓடு நகர்ந்திருந்தது. குடத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பைக்குள் உரசியது என்ன என்பது அப்போது தெரிந்தது. பெரியம்மைக்குத் தெரியாமல் பெரியப்பா கொண்டுபோய்விட்டார், தெரிந்தால் இந்த வீடு என்ன ஆகும் என்று நடுங்கினேன். ஓட்டை இழுத்து மூடும்போது பெரியம்மை பின்னால் வந்து நின்றிருந்தார். என் கையிலிருந்து எண்ணெய்க் குப்பியை வாங்கிக்கொண்டார்.

“இனி வேண்டாம் மக்கா.”

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அந்த ரகசியத்தை வெகுகாலம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சட்டைப் பித்தான் தெறித்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர் பெரியப்பா. அவருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அந்தச் சிவப்புப் பையைக் கையில் வாங்கிப் பார்த்தவன் நான். அதை யார் தைத்திருப்பார்கள் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.