கரண்ட் போன பிறகு திரும்பி வரும் கப்பல்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால் டிவியில் ஒரு விண்கப்பல் நிற்கிறது. மகன் பழைய டப்பிங் படம் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் போட்டிருந்தான். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் கப்பலில் ஏறப்போகிறாள். கீழே நிற்கும் தங்கை "போகாதே அக்கா" என்று சுத்தத் தமிழில் அழுகிறாள். இந்தப் படம் எனக்குத் தெரியும். சரியாக இந்த இடம் வரைக்கும் தெரியும்.

அதற்கு மேல் தெரியாததற்குக் காரணம் கரண்ட் கட். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் திருப்பூரில் இருந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடும், வீட்டில் விசிறிக்கு வழியிருக்காது. அப்போது நான் வெள்ளகோவிலிலிருந்து பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்கு வந்து, அனுப்பர்பாளையம் பக்கம், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தேன். அதே அறையில் என்னோடு செபராணி. அவளுக்குத் திசையன்விளைப் பக்கம். கம்பெனியிலும் ஒரே டேபிளில் எதிரும் புதிருமாக நிற்போம். நாள் முழுக்கப் பார்த்த முகத்தையே அறைக்கு வந்தும் பார்ப்பது சிலருக்கு அலுக்கும். எங்களுக்கு அலுக்கவில்லை.

டிவி எங்களுடையது அல்ல, வீட்டுச் சொந்தக்காரர் சரசக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கூடத்தில் போய் உட்காரலாம். ரிமோட் மட்டும் அவர் மடியில் இருக்கும்.

சரசக்கா காமெடிக் கட்சி. "சிரிக்க வெக்காத படத்த என்னத்துக்குக் கண்ணு பாக்கறது?" என்பார். வாராவாரம் அதே காட்சிதான் வரும். நாலு பேர் சேர்ந்து ஒருவனை அடிப்பார்கள், அவன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்வான். அடி விழுவதற்கு முன்பே சரசக்கா சிரித்து முடித்திருப்பார். காமெடித் தொடர்களில் பின்னாலிருந்து முகம் தெரியாத ஒரு கூட்டம் சிரிக்குமே, அதை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நான் எப்போது சிரிக்க வேண்டும் என்று சொல்ல அவர்கள் யார்? இப்படி வீறாப்பாகப் பேசிக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

நான் விண்கப்பல் கட்சி. எனக்கு அப்போது ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும். ஊரில் இருந்தபோது திருப்பூர் போக வேண்டும், திருப்பூர் வந்ததும் இன்னும் எங்காவது போக வேண்டும். அப்படிப்பட்டவளுக்குப் பூமியையே விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் அந்தப் படங்களில் எனக்குப் பெரிய குறை உண்டு. எதிர்காலத்தில் ஒருத்தரும் துணி துவைப்பதில்லை. கப்பலுக்குள் ஒரு கொடியில் ஒரு பனியன் காய்ந்து நான் பார்த்ததில்லை. அத்தனை பேருக்கும் ஒரே டிசைன், ஒரே கலர். அப்படியொரு காலம் வந்தால் திருப்பூர் என்ன ஆவது?

செபராணிக்கு இரண்டு கட்சியும் ஒன்றுதான். அவள் கண் போவது தையலுக்கு. "ஏட்டி, அவன் தோள்பட்டையப் பாரு, பிரிஞ்சி நிக்கி. இத எவ பாஸ் பண்ணுனா?" என்பாள். செக்கிங்கில் ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். சரிசெய்யக்கூடிய பீஸுக்கு 'ஆல்டர்' என்று பெயர். அது டெய்லரிடம் போய்ச் சரியாகி எங்கள் டேபிளுக்கே திரும்பி வரும். சரிசெய்ய முடியாதது ரிஜெக்ட், அது வராது. ஒருநாள் செபராணி எழுந்துபோய் கதாநாயகனின் தோளைக் குறிவைத்து டிவி கண்ணாடியிலேயே அம்பை ஒட்டிவிட்டாள். "ஏம்புள்ள, எம்பட டிவிய ஆல்டருக்கு அனுப்பிப் போடாதீங்க!" என்று சரசக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

திருப்பூரில் கப்பல் என்ற வார்த்தையே பயமுறுத்தும். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய பனியன் கப்பலைத் தவறவிட்டால் கம்பெனி செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அப்புறம் முதலாளி முகத்தில் ஒரு மாதத்துக்கு ஈயாடாது. சரசக்காவின் கணவர் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தார். அதனால் படத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ண ஆரம்பித்ததும் அக்காவுக்குப் பதைப்பு வந்துவிடும். "சரக்கெல்லாம் ஏத்திப்போட்டாங்களா கண்ணு? பொட்டி ஒண்ணையும் காணமே!" என்று எங்களைப் போட்டு உலுக்குவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும்.

காமெடி எங்கே அறுந்தாலும் நட்டமில்லை. விண்கப்பல் படம் அறுந்தால் பாதிப்பேர் வானத்தில் தொங்குவார்கள், நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பேன். செபராணி அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொண்டு, "ஏட்டி, ஒரு எடத்துல இரி. நான் சொல்லுதேன்" என்று மீதிக் கதையைத் தானே சொல்வாள். அவள் சொல்லும் முடிவு எல்லாப் படத்துக்கும் ஒன்றுதான். போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.

"அதெப்புடி வருவாங்க?" என்பேன்.

"அது ஆல்டருட்டி. எங்க போனாலும் நம்ம டேபிளுக்குத்தான் வரணும்."

அந்தக் கோடையில் எனக்கு இருப்புக்கொள்ளாமல் போனதற்கு வேறு காரணம் இருந்தது. செபராணியின் அண்ணன் அவளுக்கு ஒரு இடம் பார்த்திருந்தான். கோவிலில் அசனம், ஊரே கூடிச் சாப்பிடுகிற நாள், ஒரு வாரம் வந்துவிட்டுப் போ என்று சரசக்காவின் போனுக்குப் பேசினான். ஒரு வாரம் என்று சொல்லிப் போன பெண்கள் எங்கள் லைனில் முன்பும் இருந்தார்கள். பிறகு அவர்கள் பெட்டியை எடுக்கத்தான் யாராவது வருவார்கள். "போகாதடி, உன்னைய அனுப்ப மாட்டாங்க" என்று சொன்னேன். சண்டையே போட்டேன்.

"எங்கம்மையப் பாக்காம எப்படிட்டி இருக்க?" என்றாள்.

அவள் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு இந்தப் படம் வந்தது. தங்கை "போகாதே அக்கா" என்றாள், கரண்ட் போய்விட்டது. சரசக்காகூட சரக்கைப் பற்றிக் கேட்கவில்லை. செபராணி விசிறுவதை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்தே சொன்னாள்: "அவ போவா. ஆனா அங்கன உள்ள காத்து அவளுக்குப் பிடிக்காது. வந்துருவா. தங்கச்சி அதே எடத்துலதான் நிப்பா."

மறுநாள் பஸ் ஏறியதும் கைப்பையிலிருந்து ஓர் அம்பு ஸ்டிக்கரை எடுத்துத் தன் தோளில் ஒட்டிக்கொண்டாள். "ஆல்டருதாம்ட்டி" என்று ஜன்னல் வழியாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ் திரும்பும்வரை அந்தச் சிவப்புத் தெரிந்தது.

அடுத்த மாதம் அவள் அண்ணன் வந்து பெட்டியை எடுத்துப்போனான். கல்யாணம் முடிந்துவிட்டதாம். டேபிளில் எதிரே வேறொரு பெண் நின்றாள், நல்ல பெண்தான். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதற்கப்புறம் நானும் சரசக்காவின் கட்சிக்கு மாறிவிட்டேன். காமெடியில் அடிவாங்கியவன் அடுத்த ஞாயிறு அதே வேட்டியோடு வந்துவிடுகிறான் பாருங்கள், அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது அந்த லைன் வீடு இல்லை. இடித்துவிட்டு ஏதோ ஒரு கம்பெனியின் வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். சரசக்கா மகளோடு பல்லடம் போய்விட்டார். கரண்டும் முன்போலப் போவதில்லை. போனாலும் இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்கிறது, யாரும் யாருக்கும் மீதிக் கதை சொல்ல வேண்டியதில்லை.

போன ஞாயிறு, தங்கை அழுத அந்த இடத்திலேயே, குழம்பு அடிப்பிடிக்கிறது என்று மகனிடம் சொல்லிவிட்டு நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். குழம்பு ஒன்றும் அடிப்பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மகன் வந்து எட்டிப் பார்த்தான்.

"படம் முடிஞ்சுதுங்ம்மா. அந்தக்கா திரும்பி வரவே இல்லீங்க."

"வந்துட்டா கண்ணு."

"இல்லீங்ம்மா, நான் கடைசி வரைக்கும் பாத்தேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

"நீ கரண்டு இருக்கற ஊட்டுல பாத்தே சாமி" என்றேன்.