வறட்டி தட்டாத வருஷம்

சியாதுலாரி அந்த வருஷம் ஒரு வறட்டிகூடத் தட்டவில்லை. புந்தேல்கண்டில் ஒரு பெண் வறட்டி தட்டவில்லை என்றால் ஒன்று அவளுக்கு உடம்பு முடியவில்லை, இல்லை புத்தி பிசகிவிட்டது. ஊர் இரண்டாவதைத்தான் நம்பியது. இரண்டு எருமையும் ஒரு பசுவும் போட்ட சாணி முழுவதையும் அவள் எருக்குழியில் கொட்டினாள். அடுப்புக்குக் கருவேல முள் வெட்டிச் சுமந்தாள். கையெல்லாம் கீறல், கண்ணெல்லாம் புகை.

காரணம் செங்கல் சூளை. மசூர் பருப்பு விளையாத வருஷமெல்லாம், ஹோலி முடிந்ததும் அவளும் புருஷன் தேவிதீனும் கல் அறுக்கப் போயாக வேண்டும். போன கோடையில் அங்கே அவள் இடுப்பு விட்டுப்போனது. இன்னொரு கோடையைத் தாங்காது. அதனால்தான் விவசாய ஆபீஸ்காரர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெறும் ரசாயன உரத்தைக் கொட்டிக் கொட்டி மண் செத்துவிட்டது. மக்கிய எருவோடு டிஏபி உரம் வழக்கத்தில் பாதி போட்டு விதைத்தால் போதும். வளர்ந்த மசூருக்கு யூரியா கூடவே கூடாது.

அப்படியே விதைத்தார்கள். பயிர் நன்றாகத்தான் வந்தது. ஆனால் பக்கத்துக் கோதுமை கரும்பச்சையாக நிற்க, மசூர் வெளிறித் தெரிந்தது. பொண்டாட்டி பேச்சைக் கேட்டுச் சாணியில் பயிர் வளர்க்கிறான் என்று டீக்கடையில் தேவிதீனைச் சீண்டினார்கள். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் முள் வெட்டப் போயிருந்த ஒரு காலையில், தூறலைப் பார்த்ததும், கோதுமைக்கு வைத்திருந்த யூரியாவை மசூரில் வீசிவிட்டார். கிணற்றோரத்துக்கு எட்டும் முன் மூட்டை காலி.

காய்க்கும் பருவத்தில் பயிர் முட்டி உயரம் தழைத்துச் சாய்ந்து கிடந்தது. காயைத் தேட வேண்டியிருந்தது. யூரியா எட்டாத கிணற்றோரத் துண்டு மட்டும் குட்டையாக, கொத்துக் கொத்தாகக் காய்த்து நின்றது. சியாதுலாரி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாட்டுக்கு நல்ல தீவனம்," என்றார் தேவிதீன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"மாட்டுக்கு ஆச்சு. நமக்குச் சூளைதான்."

ஹோலிக்குப் பிறகு சூளைக்காரன் டிராக்டர் வந்தது. தேவிதீன் தான் மட்டும் போவதாகச் சொல்லிப் பார்த்தார். மண் குழைக்க ஒருவர், அறுக்க ஒருவர் என்று ஜோடியாகத்தான் அங்கே வேலை. அது அவருக்கும் தெரியும். வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், மாடுகளைப் பார்த்துக்கொள்ள நின்ற மகளிடம் கத்திச் சொன்னார்: "ரஜ்ஜோ, சாணிய ஒண்ணுவிடாம குழியில கொட்டும்மா." இந்தப் புத்தி அந்தத் தூறலன்று வந்திருக்கலாம்.

சியாதுலாரி மகளிடம் கை நீட்டினாள். "யூரியா வைக்கிற அறையப் பூட்டிட்டுச் சாவிய எங்கிட்ட குடு. உங்க அப்பாகிட்ட குடுக்காத."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, இடுப்பைப் பிடித்தபடி அவளும் ஏறினாள்.