மெழுகில் நின்ற பற்கள்

பல் செட் செய்கிறவருக்கு ஆட்களைத் தெரியாது. வாய்களை மட்டும் தெரியும். டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் மெழுகு வைத்து, மெழுகில் பற்களை அடுக்குவார். கடைசியில் கொதிநீரில் மெழுகை உருக்கிவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கை நிரப்பி வேகவைத்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். இருபத்தாறு வருடங்களாக இதுதான் வேலை. நன்றாகவே செய்கிறார். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

அவர் கதையும் எழுதுவார். கிறிஸ்தவ உருவகக் கதை. அதில் மனிதர்கள் வரமாட்டார்கள். கோபம் வருவான், பேராசை வருவான், தாழ்மை தலைகுனிந்து ஓரமாக நிற்பாள். எல்லாரும் ஒரு மலை ஏறுவார்கள். பாதி வழியில் மழை பெய்யும். மழை என்றால் சோதனை, குடை என்றால் விசுவாசம். வாசகனுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று அடிக்குறிப்பும் போடுவார்.

சபையின் மாத இதழை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். நான்கு கதைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐந்தாவது முறை உட்காரவைத்துச் சொன்னார்.

"பேரைத் தவிர இவங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே. கோபத்துக்கு மூக்கு எப்படி இருக்கும்? தாழ்மை என்ன சாப்பிடுவா? மேலேயிருந்து ஒரு ஏவுதல் வேணும் ஐயா, ஏவுதல்!"

ஏவுதல் தேடிக் கிளம்பினார். மூன்று நாள் உபவாசம் இருந்தார், நெஞ்செரிச்சல் வந்தது. கடற்கரையில் உட்கார்ந்து பார்த்தார். சட்டைப் பையில் மணல் வந்தது. வேலை நேரத்தில் கண்ணை மூடிக் காத்திருந்ததில் அடுப்பிலிருந்த யாரோ ஒருவரின் மேல் செட் குமிழி விட்டுக் கெட்டுப்போனது. அந்த யாரோ இன்னும் இரண்டு வாரம் கரைத்ததையே குடித்திருப்பார். அதைப் பற்றி இவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்போது அவருடைய பட்டறை அலமாரியில், இரண்டாவது தட்டில், அவருடைய மனைவியின் கீழ்த்தாடை இருந்தது. அவளுக்கு இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாகிவிட்டது. டாக்டர் அச்செடுத்துக் கொடுத்தார். ஒரே வாரத்தில் மெழுகில் பல் அடுக்கியும் முடித்தார், அழகாக. பாக்கி இருந்தது வேகவைப்பதும் தேய்ப்பதும். அரை நாள் வேலை. வெளி ஆட்கள் வேலை முதலில் என்று தள்ளி வைத்தார். அப்படியே ஒன்றரை வருடம் போயிற்று. அவள் ரஸ்க்கை டீயில் நனைத்து முன்பற்களால் தின்று கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் அவள் அப்படித் தின்பதை எதிரே உட்கார்ந்து பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார் என்றும் சொல்லலாம். ஏவுதல் வந்துவிட்டது.

அடுத்த மாத இதழில் முதல் அத்தியாயம். 'பொறுமைக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. அவள் தன் அப்பத்தைக் கண்ணீரில் நனைத்துத் தின்றாள்.'

மனைவி படித்துவிட்டுக் கேட்டாள்.

"கண்ணீரா? டீயிலதானே நனைச்சேன்?"

"அது உருவகம்."

"சரி, பல்லு?"

"அதுவும் உருவகம்தான்."

"என் வாயில இல்லாததும் உருவகமா? எப்பங்க வேகவைப்பீங்க?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கடைசி அத்தியாயத்துல மலை உச்சியில பொறுமைக்கு முத்துப் பல் கிடைக்குது. அதுக்கு முன்னாடி உனக்குப் போட்டுட்டேன்னு வை, எனக்கு எழுத்து நின்னுடும். பன்னிரண்டே அத்தியாயம்தான். கொஞ்சம் பொறுத்துக்கோ."

இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருக்கவில்லை. தண்ணீர் கேட்பதுபோலக் கேட்டார்.

கதை பிடித்துப்போயிற்று. பாடகர் குழுப் பெண்கள் பொறுமைக்காக அழுதார்கள். 'பொறுமை அக்காவுக்காக ஜெபிக்கிறோம்' என்று ஒருவர் கடிதம் போட்டார். அந்த அக்கா கடிதம் போட்டவருக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்து ஞாயிறுதோறும் பாடிக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் உற்சாகமாகி, இன்னும் கொஞ்சம் நீட்டலாமே என்றார். மலை வளர ஆரம்பித்தது. பன்னிரண்டு அத்தியாயம் இருபத்தெட்டாயிற்று. பொறுமை பாறையில் வழுக்கினாள், பனியில் உறைந்தாள், ஆற்றில் விழுந்தாள். எங்கே விழுந்தாலும் எழுந்து எதையாவது கண்ணீரில் நனைத்துத் தின்றாள்.

மனைவியின் தம்பி எலக்ட்ரீஷியன். பட்டறையில் ஒயர் மாற்ற வந்தவன் அலமாரியைப் பார்த்துவிட்டான்.

"மாமா, அக்கா எந்த அத்தியாயத்துல மெல்லும்?"

"கிண்டல் பண்ணாத. இது ஊழியம்."

"அரை நாள் வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க? மலையில அடுப்பு இல்லையா?"

"உனக்கு இலக்கியம் புரியாது."

"புரியாது மாமா. பல்லு புரியும்."

சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்கா வாசலில் நின்றபடியே சொன்னாள். "விடுடா. இப்ப மலையில மழையாம். நின்னதும் போடுவாரு."

அவர் அதைக் கேட்டுவிட்டு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் பொறுமை அதையே சொன்னாள்.

கடைசி அத்தியாயத்தை ஆராதனை முடிந்தபின் சபைக் கூடத்தில் வாசிப்பதென்று முடிவாயிற்று. முதல் நாள் அவர் அந்த மெழுகை எடுத்து, தூசி தட்டி, வேகவைத்தார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அதை நகைப்பெட்டி ஒன்றில் வெல்வெட்டின் மேல் வைத்தார். வாசித்து முடித்ததும் பொறுமை யாரென்று ஹெட்மாஸ்டர் அறிவிப்பார். மனைவி மேடைக்கு வந்து பல்லைப் போட்டுக்கொண்டு சிரிப்பாள். இது அவரும் ஹெட்மாஸ்டரும் செய்த ஏற்பாடு. அவளுக்குத் தெரியாமல் ரகசியமாக வைத்திருந்தார்கள்.

நாற்பது நிமிடம் வாசித்தார். நல்ல குரல், அதையும் சொல்லிவிட வேண்டும். முத்துப் பற்கள் வந்த இடத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஹெட்மாஸ்டர் எழுந்து, "நம்ம பொறுமை வேற எங்கேயும் இல்லை, இங்கேயேதான் இருக்காங்க" என்று கை காட்டினார். கூடம் முழுக்கத் திரும்பி ஒரு பெண்ணின் வாயைப் பார்த்தது.

அவள் மேடைக்கு வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று செட்டைப் போட்டாள். டொக்கென்றது. நாக்கால் தொட்டதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

"அழுத்திக் கடி" என்றார் அவர், மெதுவாக.

"கடிக்கிறேன். ஆடுது."

பல் போன ஈறு சுருங்கிக்கொண்டே போகும். இது அந்தத் தொழிலில் முதல் பாடம். ஆறு மாதப் பழைய அச்சை எந்த டாக்டராவது அனுப்பினால், 'ஈறு மாறியிருக்கும், புதிதாக எடுத்து அனுப்பவும்' என்று சீட்டு வைத்துத் திருப்புகிறவர் இவர். அப்படிப்பட்ட சீட்டுகளை ஒரு கட்டாக அச்சடித்தே வைத்திருக்கிறார். மனைவியின் அச்சு எடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அது அவர் நினைவுக்கு அப்போதுதான் வந்தது, முகத்தில் தெரிந்தது.

"பழகினா சரியாயிடும்" என்றார். எந்த டெக்னீஷியனும் சொல்லக் கூசுகிற பொய்.

அவள் செட்டைக் கழற்றினாள். கைக்குட்டையில் துடைத்து வெல்வெட்டின் மேலேயே வைத்து மூடினாள்.

"இது உங்க பொறுமைக்குச் செஞ்சதுங்க. அவ வாய்க்குச் சரியா இருக்கும்."

மைக் போட்டபடியே இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் தம்பியாக இருக்கலாம். ஹெட்மாஸ்டர் சட்டென்று கண்ணை மூடி முடிவு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் தனியாகப் போய் டாக்டரிடம் புதிய அச்சு எடுத்தாள்.

"எப்பவும்போல வீட்டுக்காரருக்கே அனுப்பிடவா?"

"வேண்டாம் டாக்டர். பல் செட் செய்றவங்க யார்கிட்டயாவது அனுப்புங்க. அவரு கதை எழுதறவரு."

பதினெட்டாம் நாள் செட் வந்தது. சாதாரண வேலைதான். பற்களின் நிறம்கூட முழுதாகப் பொருந்தவில்லை. அவர் அதை உடனே கண்டுபிடித்துச் சொன்னார். ஆனால் செட் ஆடவில்லை.

அவர் அடுத்த தொடரைத் தொடங்கியிருக்கிறார். இதில் நாயகன் பெயர் நன்றியறிதல். இரண்டு மாதமாக அவன் மலை அடிவாரத்திலேயே நிற்கிறான். ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நேற்றுச் சாயங்காலமும் அவர் நோட்டுப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மேஜைக்கு எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே மனைவி காய்ந்த ரஸ்க்கைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நனைச்சுத் தின்னக் கூடாதா?" என்றார். "சத்தத்துல ஒண்ணுமே வரமாட்டேங்குது."

அவள் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு இன்னொரு ரஸ்க்கை எடுத்தாள்.