கேட் சத்தம் கேட்டால் படுக்க வேண்டும்

கேட் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும் நோயாளியைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். என் அத்தான். அக்காவின் கணவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாங்காய் கமிஷன் மண்டி நடத்தியவர்.

கணையத்தில் புற்றுநோய். ராஜபாளையத்தில் கீமோ. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "கட்டி சுருங்கினா ஆபரேஷன் பண்ணலாம். ஆனா கீமோவைத் தாங்க உடம்புல தெம்பு வேணும். படுத்தே கிடந்தா சதை கரைஞ்சிரும்."

அதற்காகவே ரிஸ்வானா என்ற பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரிக்குப் போனால் விரலில் கிளிப் மாட்டி, நாடியைப் பார்த்துக்கொண்டே நடக்க வைப்பார். மற்ற நாட்களில் சாயங்காலம் வீடியோ கால். செல்போனை ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். ரப்பர் பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கேன்சருக்கு எக்சர்சைஸா என்று நானும் சிரித்தேன். ஆனால் அத்தான் வியர்த்துப்போய், "செத்த நேரம் பொறுங்கம்மா, இன்னொருக்க எந்திரிக்கேன்" என்றபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

வினை வத்திராயிருப்பு பஸ்ஸில் வந்தது. மண்டிக்கு மாங்காய் போட்ட விவசாயிகள் எல்லாரும் நலம் விசாரிக்க அந்தச் சாயங்கால பஸ்ஸில்தான் வந்து இறங்குவார்கள். கையில் இளநீர், ஹார்லிக்ஸ். கண்ணில் தண்ணீர். வீடியோ கால் நேரமும் அதுவேதான்.

கேட் திறக்கும். அக்கா போனைக் கவிழ்த்து வைப்பாள். அத்தான் கட்டிலுக்குப் போய்ப் போர்த்திக்கொள்வார்.

"அவங்க முன்னாடியே செஞ்சா என்ன அத்தான்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அவிய அழுதுக்கிட்டு வாராவ மாப்ள. நான் ரப்பரை இழுத்துக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

அக்காவுக்கு வேறு பயம். "நடமாடுறதப் பாத்தா கண்ணு பட்டுரும்லே. சீக்குன்னு பொய் சொல்லுதாவன்னும் பேசுவாவ."

வந்தவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? கூமாப்பட்டிக்காரர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். அத்தான் எழுந்து உட்கார்ந்தால் போதும், தோளைப் பிடித்து அமுக்குவார். "படுங்க அண்ணாச்சி. உடம்ப அலட்டிக்கிடாதீங்க." எல்லாம் பாசம்... பாசத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

ரிஸ்வானா நேரத்தைக் காலைக்கு மாற்றிப் பார்த்தார். காலையில் ராஜபாளையம் சொந்தங்கள் வந்து உட்கார்ந்தார்கள். "இன்னைக்காவது செஞ்சீங்களா அய்யா?" என்று அவர் கேட்டால், "செஞ்சேன்மா" என்பார் அத்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதர். முகம் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

போன வாரம் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரிஸ்வானா நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொன்னார். அத்தான் கைப்பிடியை அழுத்தினார். தொடை நடுங்கியது. எழ முடியவில்லை. மறுபடியும் அழுத்தினார்... முடியவில்லை. ரிஸ்வானா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த உடம்பு இனி தாங்காது என்று டாக்டர் கீமோவை நிறுத்திவிட்டார். ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை.

ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தால் பிழைத்துக்கொள்வாரா? தெரியாது. பொல்லாத நோய். டாக்டர் எதற்கும் உறுதி தரவில்லை. ஆனால் கையில் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. அதையும் போர்வை போட்டு மூடிவிட்டோம். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இளநீரைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தவரிடமா?

நேற்றும் கேட் சத்தம் கேட்டது. கட்டிலில் கிடந்த அத்தான் கண்ணை மட்டும் திருப்பினார். அதே கூமாப்பட்டிக்காரர்தான். அத்தானைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒரே ஒருக்க எந்திரிச்சு உக்காருங்க அண்ணாச்சி..."

அதைத்தானய்யா அந்தப் பிள்ளை தினமும் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தது.