வெளிப்பக்கம் மடித்த இலை

திண்டுக்கல்லில் தோல் மண்டி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோலின் வாடை முதல் வாரம் என் குடலைப் புரட்டியது. மூன்றாம் மாதம் அதே தோல் கட்டின் மேல் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு பழைய சோறு தின்றேன். மண்டியில் என்னைச் சேர்த்து எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் மூக்கு மரத்துப்போயிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு மூக்குகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காட்டிய பவிசை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது.

என் அக்காவின் புருஷன் பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். உலகச் சண்டையின்போது அவரை இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஏதோ ஒரு கிராமத்தில், முகாமுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி அவருக்கு அந்த ஊர்ச் சமையலைக் கற்றுக்கொடுத்தாளாம். பட்டாளத்தை விட்டு வந்தபின் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் சாப்பாட்டுக் கடை வைத்தார். சோறு, கறிக்குழம்பு, குடல் வறுவல். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் கறிக்கடை, பிரியாணிக் கடை. இவர் கடைக்கு யார் வருவார்கள்? ஈதான் வந்தது.

கடையை மூடினால் அக்காவும் மச்சானும் செம்பட்டியில் மச்சானின் அண்ணன் வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். மச்சான் பட்டாளத்தில் இருந்த வருஷமெல்லாம் அக்கா அந்த வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரியாக இருந்தவள். எல்லோரும் தின்று மிஞ்சினால்தான் அவளுக்குச் சோறு. ஒருநாள் அவள் என்னிடம் சொன்னாள்: "தம்பி, மறுபடி அந்த வீட்டுப் படியேற என்னால ஆகாது. உங்க மண்டி ஆளுக தெனம் மதியம் இங்க சாப்பிட வந்தாப் போதும், கடை நின்னுரும். ஒருநா எல்லாரையும் கூட்டிட்டு வா."

நான் போய்க் கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் எங்கள் எட்டுப் பேருக்கும் தலை. அவர் எங்கே சாப்பிடுகிறாரோ அங்கேதான் மற்ற வாய்களும் திறக்கும். "சும்மாவாப்பா போடுவாக?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அமாவாசை, கிருத்திகை எதுவும் இல்லாத ஞாயிறாகப் பார்த்துச் சொன்னார்.

"நம்ம சோறு, கறி போடுங்க மச்சான், போதும்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. "அதத்தான் ஊரே போடுதே மாப்ள. எவனும் போடாத இத்தாலிச் சாப்பாட்ட நான் போட்டாத்தான் ஆளு வரும்" என்றார்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். மைதாவில் முட்டையை ஊற்றிப் பிசைந்து, தேய்த்து, நாடா நாடாவாக வெட்டி, அக்கா அவற்றைத் துணிக்கொடியில் காயப்போட்டிருந்தாள். பக்கத்தில் மச்சானின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அடுப்படி மூலையில் ஈரத்துணி சுற்றிய ஒரு கட்டி இருந்தது. சீஸ் என்றார். கொடைக்கானலில் வெள்ளைக்காரர் பங்களாவில் சமைக்கும் பழைய பட்டாளத்து நண்பர் கொடுத்தனுப்பியதாம். மலையில் குளிருக்குள் இருக்க வேண்டிய சரக்கு, பஸ்ஸில் இறங்கி வந்து மூன்று நாள் இந்த ஊர் வெயிலில் கிடந்தது. தொட்டால் விரலில் எண்ணெய் பிசுக்கு ஒட்டியது.

மறுநாள் எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, மச்சான் அந்த நாடாக்களை அள்ளி வைத்தார். "இடியாப்பம் அகலமா இருக்கே, தேங்காப்பால் வரலையா?" என்றார் மூட்டை நிறுப்பவர். அதன் மேல் தக்காளியில் வெந்த கொத்துக்கறியை ஊற்றினார். அதுவரை பாதகமில்லை. பிறகு அந்தக் கட்டியைத் தேங்காய்த் துருவியில் துருவி எடுத்துக்கொண்டு வந்து, கோயிலில் விபூதி கொடுப்பதுபோல அவ்வளவு பயபக்தியோடு ஒவ்வோர் இலையிலும் தூவினார்.

சூட்டில் அது இளகியதும் எழுந்த நாற்றத்தை என்ன சொல்ல? புளித்த பாலும் நனைந்த காலுறையும் சேர்ந்த நாற்றம். நான் ஒரு வாய் வைத்தேன். நாடா தொண்டைக்குள் பாதியும் வாய்க்குள் பாதியுமாக நின்றது. சீஸ் நூல் நூலாக இழுபட்டு முகவாயில் ஒட்டியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது கெட்டுத்தான் போயிருந்தது, அதில் பொய்யில்லை.

"நம்ம கிடங்குல அழுகிப் போன தோலு ஒண்ணு காணோம்னு தேடுனேன். இங்கதான் இருக்கு" என்றார் ஒருவர். எல்லோரும் இலையில் எச்சில் தெறிக்கச் சிரித்தார்கள்.

"ருசியா இருக்கா? இன்னும் செத்த வைக்கட்டா?" என்று மச்சான் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். யாரும் நிமிரவில்லை. ஆனால் கறியை விட்டார்களா? நாடாவை ஒதுக்கி, சீஸை வழித்து ஓரத்தில் தேய்த்துவிட்டு, கறியை மட்டும் பொறுக்கித் தின்றார்கள். மறுபடி மறுபடி கறி கேட்டார்கள். கணக்கப்பிள்ளை எலும்பே இல்லாத கறிக்கு விரல் ஐந்தையும் சப்பினார். சீஸைவிட அந்தச் சத்தம்தான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடிப்போம். திருப்தி, மறுபடி வருவோம் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில் மட்டும்தான். இப்படி ஒரு சாப்பாடு இந்த வீட்டில் இனி வேண்டாம் என்பதற்காக.

கணக்கப்பிள்ளை இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார். மடித்து, விளிம்பை விரலால் நீவியும் விட்டார். அடுத்தவர் அவரைப் பார்த்தார், அதே மாதிரி மடித்தார். அப்படியே வரிசையாக ஏழு இலை. மச்சான் கறி வாளியோடு அசையாமல் நின்றார்.

கடைசி இலை என்னுடையது. அடுப்படி வாசலில் தொங்கிய சாக்குப் படுதாவை விலக்கிக்கொண்டு அக்கா நின்றாள். மற்ற ஏழு பேரையும் அவள் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியருகே கை கழுவிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளையும் என்னைத்தான் பார்த்தார். ஓர் இலையை மடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நானும் எதிர்ப்பக்கம் மடித்தேன்.

வெளியே வந்ததும், "வாங்கப்பா, இந்த நாத்தம் போக ஆளுக்கு ஒரு பிரியாணி திம்போம்" என்றார் கணக்கப்பிள்ளை. நானும் போனேன். நாலு கடை தள்ளி உட்கார்ந்து சீரகச் சம்பா பிரியாணியை நன்றாகவே தின்றேன். நல்லி எலும்பை உறிஞ்சினேன். ஏப்பத்தில் மச்சான் கடைச் சீஸ் வாடை ஏறி வந்தது. அதற்கும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். தூ, நானும் ஒரு மனுஷன்.

பொங்கலுக்குள் கடை மூடிவிட்டது. அவர்கள் செம்பட்டிக்குப் போனார்கள். அதன்பின் அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கோபித்ததும் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை நான் அங்கே போவேன். அந்த வீட்டுப் பின்கட்டில் எனக்கு இலை போட்டு, தன் பங்கையும் சேர்த்து வைப்பாள். கடைசிக் கவளத்தை நான் வழிக்கும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"நீ எந்திரிச்சுக் கையக் கழுவு தம்பி. இலைய நான் மடிச்சுக்கிறேன்."