மணிக்கட்டில் இரண்டு விரல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடி ஆஸ்பத்திரி ஒன்றின் இதய நோய்ப் பிரிவில் என் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்மணி மூச்சுவாங்கிக்கொண்டு கிடந்தார். அவருடைய கணவர் திருமழிசையில் லாரி மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் கறுத்த இரண்டு விரல்களை மனைவியின் மணிக்கட்டிலிருந்து எடுக்கவே மாட்டார்.

"மாத்திரை குடுக்கக் குடுக்க நாடி கொறைஞ்சிக்கினே போச்சு சார். நிக்கிற வண்டில ஐடிலிங் வேகம் எறங்கினா இஞ்சின் நிக்கப்போவுதுன்னு அர்த்தம். பயந்துபோய் நானே மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார் டாக்டரிடம்.

டாக்டர் திட்டிவிட்டுத்தான் விளக்கினார். "இதயத் தசை தளர்ந்திருக்கு. அது இறுக்கிப் பிழியத்தான் அந்த மாத்திரை. துடிப்பையும் அது நிதானமாக்கும். நிதானமானா ரத்தம் நல்லா நிரம்பும். நிரம்பித் தசை விரிஞ்சாத்தான் அடுத்த துடிப்புக்குப் பலம். ரொம்பக் கொறைஞ்சா எங்கிட்ட வாங்க, நீங்களா நிறுத்தாதீங்க."

மாத்திரை மறுபடி தொடங்கியது. சில நாளில் அந்த அம்மா மூச்சுத் திணறாமல் தூங்கினார். விரல்கள் மட்டும் அங்கேயே இருந்தன.

"இப்ப எப்படி ஓடுது?" என்று கேட்டேன்.

"மெதுவாத்தான் கீது சார். அதான் நல்லதாமே." விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். "இதுதான் தறிகெட்டு ஓடுது."

சொல்லிவிட்டு மனைவியின் கையையே மறுபடி பிடித்துக்கொண்டார். டாக்டர் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.